தோட்டத்துப் பழைய மாளிகைச் சுவர்: சிமெண்டா, சுண்ணாம்பா?

கிந்தாமண்:
வணக்கம். பேராக் மாநிலத்துப் பத்து காஜா பக்கம் எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்கார துரை கட்டிய இரண்டு மாடிச் செங்கல் மாளிகை பாழாய்க் கிடக்கிறது. பாதிக் கூரை இல்லை. பக்கத்தில் கட்டி முடியாமல் நிற்கும் துரை மாளிகையான கெல்லிஸ் கோட்டைக்கு வருகிறவர்கள் இங்கேயும் வந்து பார்க்கட்டும் என்று குடியிருப்பாளர் சங்கம் சீரமைக்க நினைக்கிறது. நிலத்துக்காரக் கம்பெனியும் சம்மதித்துவிட்டது. முன்பு யாரோ கீழ்ச்சுவரில் பூசிய சிமெண்டு இப்போது தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறது. பெயர்ந்த இடத்தில் செங்கல் மாவாய் உதிர்கிறது. சுவர் உச்சியில் ஆலங்கன்றுகள், ஒன்று கைத்தடிப் பருமன். இடிந்த கோபுர முனையையும் கட்டி முடிக்கலாமா என்கிறார்கள். எதில் தொடங்குவது?

கரணை:
தண்ணீரில் தொடங்குங்கள். பூச்சு வேலை கடைசிதான்.

பழைய செங்கல் மிருதுவானது, தரை ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு ஏறிய உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் நுண்துளைக்குள் பருத்துத் தோலை உடைக்கிறது. நீங்கள் பார்க்கும் மாவு அதுதான். மேலே இன்னொரு பூச்சு போட்டால் இன்னும் உள்ளே தின்னும்.

கூரை ஓரத்துப் பீலியை (தண்ணீர்த் தாழ்வாரத்தை) சரிசெய்து, கூரை நீர் சுவரைவிட்டு விலகி விழச் செய்யுங்கள். சுவரை ஒட்டிய சிமெண்டுத் தரையை எடுத்துவிட்டு, வெளி மண்ணை உள்தரைக்கு 15 செ.மீ. கீழே இறக்கி, கால்வாய் வெட்டுங்கள். பிறகு ஒரு சதுர மீட்டரில் மட்டும் சிமெண்டை உளி, சுத்தியலால் பெயர்த்துப் பாருங்கள். மின் உளி வேண்டாம். செங்கல் முகமும் சேர்ந்து வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். பொள்ளலாகாத சிமெண்டை இப்போதைக்கு விட்டுவைப்பதே நல்லது.

கலவை: சுண்ணாம்புக் குழம்பு 1, கூர்மணல் (கையில் நெருடும் மணல்) 2½, சல்லடையில் சலித்த செங்கல் தூள் ½. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வெறும் சுண்ணாம்பு இறுக மாதக்கணக்காகும். செங்கல் தூள் ஈரத்திலும் இறுகவைக்கும். நம் கிந்தா வட்டாரத்தில் ஈயலம்ப (பழைய ஈயச் சுரங்க) மணல் கிடைக்கும். கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பாருங்கள், மேலே கனமாகச் சேறு படிந்தால் மணலை அலசியே ஆகவேண்டும். கடல் மணலைத் தொடாதீர்கள்.

ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. முதல் நாளே சுவரை நனையுங்கள். பூசியதும் கீறிவிட்டு, நகம் பதியாத அளவுக்கு இறுகிய பிறகே அடுத்தது. ஈரக் கோணிச்சாக்கைச் சுவரில் ஒட்டாமல் முன்னால் தொங்கவிட்டு இரண்டு வாரம் காப்பாற்றுங்கள். வெயிலில் விரைவாய்க் காய்ந்தால் வெடிப்பு நிச்சயம். ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மழையில் வெளிவேலை வேண்டாம்.

கிந்தாமண்:
நன்றி அண்ணே. தோட்டத்து ஸ்டோரில் மூட்டை மூட்டையாய்ச் சுண்ணாம்பு இருக்கிறது, அதையே எடுக்கலாமா?

கரணை:
கூடவே கூடாது தம்பி! அது மண்ணின் புளிப்பை மாற்றப் போடும் ஜி.எம்.எல்., அரைத்த சுண்ணாம்புக்கல். சுடாத கல், எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது. கட்டட வேலைக்கான நீற்றிய சுண்ணாம்பு (சுட்ட கல்லைத் தண்ணீரில் நீறாக்கியது) என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சத்தில் வினிகர் ஊற்றுங்கள்: நன்றாக நுரைத்தால் காற்றுப்பட்டுக் கெட்ட மூட்டை. நல்லதைத் தண்ணீரில் ஊறவைத்து மறுநாளுக்குப் பிறகு எடுக்கலாம், மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் குழைவு. சுட்ட கல்லாகவே வாங்கினால் தண்ணீருக்குள்தான் கல்லைப் போடவேண்டும், கல்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வேலிப்பூ:
ஆலங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் செங்கலையும் கூட்டிக்கொண்டு வரும். அடியில் 5 செ.மீ. விட்டு அறுத்து, பால் வடிவதைத் துடைத்து, சில நிமிடங்களுக்குள் கிளைபோசெட் களைக்கொல்லியை வெட்டுமுகத்தில் தூரிகையால் தடவுங்கள். தெளிக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் துளிர்க்காமல் இருந்தால் செத்துவிட்டது. கைத்தடிப் பருமன் வேரைச் சுவருக்குள்ளேயே விட்டு, பொந்தில் தண்ணீர்விட்டு அலசி, ஊற்றும் பதத்துக்கு நெகிழ்த்திய சுண்ணாம்புக் கலவையைக் கீழிருந்து மேலாக நிரப்புங்கள். ஒரே நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு மேல் ஊற்றினால் அழுத்தத்தில் சுவர் பிதுங்கும்.

மணிக்கூண்டு:
கோபுரத்தைக் கட்டி முடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பாவின் நடுக்காலக் கோட்டைகளைக் காப்பவர்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்கவேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய 1964 வெனிஸ் சாசனம் சொல்கிறது. அங்கே சில இடிபாடுகளின் சுவர் உச்சியில் புல்கரண் (மண்ணோடு பெயர்த்த புல்) வைத்தே மழையையும் வெயிலையும் தணிக்கிறார்கள். நம் மழைக்கு, நீர் வழியும் சரிவோடு சுண்ணாம்புச் சாந்து மூடிதான் பொருந்தும். கெல்லிஸ் கோட்டையையே பாருங்கள். அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் துரை 1926இல் இறந்ததும் வேலை நின்றது, முடியாத அந்த நிலையைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது.

வருகையாளருக்கு: மாடியைப் பொறியாளர் பார்க்கும்வரை தரைத்தளம் மட்டும். கைப்பிடிக் கம்பியைப் பழைய செங்கலில் துளையிட்டு மாட்டாமல், தரையில் தனியே நிற்கும் சட்டமாக்குங்கள், உயரம் 1.1 மீட்டர். சக்கர நாற்காலிச் சரிவு 12க்கு 1: வாசல் 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அதற்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். தகவல் பலகையில் துரை பெயர் மட்டும் போதாது. கெல்லிஸ் கோட்டையைத் தமிழ்த் தொழிலாளர்களே கட்டினார்கள், அருகிலுள்ள மாரியம்மன் கோயில் கூரையில் தெய்வங்களோடு ஸ்மித் துரையின் உருவமும் இருக்கிறது. உங்கள் மாளிகையைக் கட்டிய லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) ஆட்களின் பெயர் பழைய செக்ரோல் (ஆள் பெயர்ப்பதிவு) புத்தகத்தில் இருக்கிறதா என்று கம்பெனியைக் கேளுங்கள். கிடைத்தால் தமிழிலேயே பொறியுங்கள். தொடங்குமுன் தேசிய மரபுடைமைத் துறைக்கும் எழுதிவிடுங்கள், 2005 மரபுடைமைச் சட்டம் பொருந்துமா என்று தெரிந்துவிடும்.

கரணை:
தம்பி, பொள்ளல் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து இங்கே போடுங்கள். எவ்வளவு பெயர்க்கலாம், எத்தனை மூட்டை ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.