பாம்பியின் தலையைப் பார்த்து சீசர் அழுதாரா, நடித்தாரா?

ரூபிகான்:
'அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ்' வீடியோ கேம் இழையில நேத்து ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறலை. "சீசரை வில்லனாக்கினது நூத்துக்கு நூறு சரி, நிஜத்துலயும் பாம்பி தலையைப் பார்த்து அழுத மாதிரி நடிச்ச ஆள்தானே"ன்னு ஒரே வரி. அதுக்கு அத்தனை கைதட்டல்!

கி.மு. 48 செப்டம்பர் 28. பார்சலஸ் போர்ல சீசர்கிட்ட தோத்து ஓடிவந்த ரோமானியத் தளபதி பாம்பி, எகிப்துல பெலூசியம் பக்கம் ஒரு சின்னப் படகுல கரைக்கு வர்றார். கூடவே படகுல உட்கார்ந்திருந்தவன் செப்டிமியஸ், ஒருகாலத்துல பாம்பிகிட்டயே வேலை பார்த்தவன். பின்னாடியிருந்து குத்தினது அவன். உத்தரவு போட்டது சின்ன ராஜா தாலமியோட அரசவை. சீசர் அன்னைக்கு எகிப்துலயே இல்லை! சில நாள் கழிச்சு அலெக்சாந்திரியா வந்தப்பதான் தலையைக் கொண்டுவந்து காட்டினாங்க. கொண்டுவந்தவன் பக்கம் முகத்தையே திருப்பலை, முத்திரை மோதிரத்தைக் கையில வாங்கினதும் அழுதுட்டார்னு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவச்சிருக்கார். அழுதார். நடிக்கலை.

பயேக்ரசிகை:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ என்ன எழுதியிருக்கார்னு ஏன் சொல்லாம விட்டீங்க? அந்த அழுகை வேஷம்னு அவர் வெளிப்படையாவே எழுதியிருக்கார். உங்களுக்குப் பிடிச்ச பக்கத்தை மட்டும் கிழிச்சுக் கொண்டுவந்து காட்டாதீங்க.

ரூபிகான்:
டியோ எழுதினது கிட்டத்தட்ட 250 வருஷம் கழிச்சு. சீசர் மனசுக்குள்ள பூந்து பார்த்துட்டு வந்தாரா?

பயேக்ரசிகை:
புளூட்டார்க் மட்டும் படகுல ஏறிப் போய்ப் பார்த்தாரா? அவரும் 150 வருஷம் கழிச்சு வந்தவர்தான். ரெண்டு பேருக்கும் முன்னாடி எழுதினது யாரு? சீசரே! உள்நாட்டுப் போரைப் பத்தி அவர் எழுதின புத்தகத்துல, அலெக்சாந்திரியாவுல பாம்பி இறந்த செய்தி தெரியவந்ததுன்னு போறபோக்குல சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடறார். கண்ணீரைப் பத்தி ஒரு சொல் கிடையாது. அழுத ஆளே எழுதலையே!

கோணல்கன்சோல்:
ஒரு நிமிஷம். வில்லன்னா முதல்ல என்ன? கதையில ஹீரோவுக்கு எதிரா நிக்கிறவனா, இல்ல கெட்டவனா? அதை முடிவு பண்ணாம எதுக்கு இந்த அழுகை? கேம்ல மெயின் வில்லன் சீசரே கிடையாது. ஃபிளேவியஸ் மெட்டெல்லஸ்தான். சீசர் பக்கத்துலயே நின்னு சூழ்ச்சி பண்ற அந்தத் தளபதி முழுக்கக் கற்பனைப் பாத்திரம். ஹீரோ பயேக்கோட பையன் கெமு சாவுக்கும் காரணம் அவன்தான். கடைசியில பயேக் அவனை சைரீன்ல போய் முடிக்கறான்.

ரூபிகான்:
அதெல்லாம் அப்புறம். அழுதாரா இல்லையா, அதுதான் கேள்வி. சீசர் தன்னைப் பத்தி எழுதறப்ப 'நான்'னுகூடச் சொல்ல மாட்டார், 'சீசர் போனார், சீசர் வென்றார்'னு மூணாவது ஆள் மாதிரிதான் எழுதுவார். அப்படிப்பட்டவர் 'சீசர் தேம்பினார்'னு எழுதிக்குவாரா? ரோமானியத் தளபதி அவர்! ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இதைப் பத்தி எழுதின பகுதி அழிஞ்சுபோச்சு, ஆனா அதோட சுருக்கம் இருக்கு. அதுலயும் சீசர் கோபப்பட்டார், அழுதார்னுதான் இருக்கு. ரெண்டு சாட்சி ஆச்சு. உங்க பக்கம் ஒரு டியோ.

இன்னொண்ணு, பாம்பி அவருக்கு மருமகன். பெத்த பொண்ணு ஜூலியாவைக் கட்டிக்கொடுத்தவர்.

பயேக்ரசிகை:
மருமகனாம்! மாமனாரைவிட ஆறு வயசு மூத்த மருமகன். அரசியலுக்காக நடந்த கல்யாணம் அது. ஜூலியா இறந்தது கி.மு. 54-ல. அதுக்கப்புறம் அந்த மருமகனைத்தான் இத்தாலியிலேர்ந்து கிரேக்கம் வரைக்கும் படையோட துரத்தினார். துரத்தி முடிச்சு, வேற யாரோ கொன்னதும் கண்ணீர். நம்பச் சொல்றீங்களா?

பழைய வாத்தியார்:
இருவரும் 'சீசர், சீசர்' என்றே எழுதுகிறீர்கள். லத்தீனில் அது 'காய்சர்'. பெயரையே சரியாக எழுதாதவர்கள் அவர் கண்ணீரை அளக்க வேண்டாம்.

வாள்வீச்சு:
வாத்தியாரே, தமிழ்ப் பாடப்புத்தகத்துலயே ஜூலியஸ் சீசர்னுதான் படிச்சோம். போன மாசம் 'ரோம் டோட்டல் வார்' இழையையும் இப்படித்தான் உச்சரிப்பு பேசியே மூட வச்சீங்க.

பழைய வாத்தியார்:
அந்த இழையை மூட வைத்தது நானல்ல. 2004-இல் வந்த அந்த விளையாட்டில், தாலமி வம்சத்து எகிப்தியப் படையை ஆயிரம் ஆண்டு பழைய பாரோ காலத்து வேடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டியதற்குத் தாங்கள்தான் என்னை வசைபாடினீர்கள். மறக்கவில்லை.

வாள்வீச்சு:
வசையெல்லாம் பாடலை. ரதம் ஓட்ட நல்லா இருக்குன்னு சொன்னேன்.

ரூபிகான்:
ரதத்தை அந்த இழையில ஓட்டுங்க. ரசிகை மேடம், நீங்க கேமை முடிச்சீங்களா, இல்ல யூடியூப்ல முடிவை மட்டும் பார்த்தீங்களா? ஏன் கேக்கறேன்னா, பாம்பியைக் கொன்ன செப்டிமியஸைப் பயேக் கொல்லப்போறப்ப சீசர் காப்பாத்தித் தன் பக்கத்துலயே வச்சுக்கற மாதிரி காட்டினாங்க பாருங்க, அதுதான் என்னால பொறுக்கவே முடியாத இடம். நிஜத்துல அந்தக் கொலைக்குத் திட்டம் போட்ட பொத்தினஸைக் கொல்லச் சொன்னதே சீசர். இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் ஆப்பியன் எழுதினபடி, பாம்பி தலையை மரியாதையா அடக்கம் பண்ணவும் ஏற்பாடு பண்ணார். கேம்ல தலைகீழ். மருமகனைக் கொன்னவனை மடியில உட்கார வச்ச மாதிரி. அழுத மனுஷனை இப்படியா காட்டுவாங்க?

பயேக்ரசிகை:
ரெண்டு தடவை முடிச்சிருக்கேன். முடிச்சதுக்கு சான்றிதழ் ஒட்டணுமா? பொத்தினஸைக் கொன்னது பாம்பிக்காக இல்லை, அலெக்சாந்திரியாவுல சீசரையே தீர்த்துக்கட்ட சதி பண்ணினதுக்காக. கி.மு. 45-ல ஸ்பெயின்ல முண்டா போர் முடிஞ்சு பாம்பியோட மூத்த மகன் தலையை வெட்டினாங்களே, அதை ஹிஸ்பாலிஸ் ஊர்ல ஜனங்க பார்க்கறதுக்குக் காட்சிக்கு வச்சாங்க. சீசர் ஆளுங்கதான். அப்பன் தலைக்கு அழுதவர் மகன் தலைக்கு எங்க போனார்?

ரூபிகான்:
காதிஸ் ஊருக்குப் போயிட்டிருந்தார்! அந்தப் போரைப் பத்தின நூல்லயே அப்படித்தான் இருக்கு, அவர் காதிஸுக்குப் போற நேரத்துலதான் தலை ஹிஸ்பாலிஸ் வந்துச்சுன்னு. அரைகுறையாப் படிச்சுட்டு வராதீங்க.

பயேக்ரசிகை:
ஒவ்வொரு தலை வெட்டுப்படறப்பவும் சீசர் கரெக்டா வேற ஊர்ல இருக்கார்!

கோணல்கன்சோல்:
ஒரு விஷயம் யாராவது கவனிச்சீங்களா? புளூட்டார்க் சொல்ற அந்த மோதிரத்துல செதுக்கியிருந்தது வாள் பிடிச்ச சிங்கம். கேம்ல ஃபிளேவியஸோட ரகசியப் பேரும் 'சிங்கம்'. தெரிஞ்சே வச்சாங்களோ என்னவோ.

ரூபிகான்:
மோதிரம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதை வாங்கித்தான் அழுதார்.

வாள்வீச்சு:
உக்செல்லொடூனம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா ரூபிகான் அண்ணே? கி.மு. 51, கால் (Gaul) நாடு, இப்போதைய பிரான்ஸ் பக்கம். சரணடைஞ்சவங்கள்ல ஆயுதம் தூக்கினவங்க அத்தனை பேர் கையையும் வெட்டச் சொன்னார். எழுதினது எதிரி இல்லை, அவரோட சொந்த ஆள் ஹிர்டியஸ். அந்தக் கைகளுக்கும் அழுதாரா?

ரூபிகான்:
கால் நாட்டைப் பத்தித் தனி இழை போடுங்க, வர்றேன். புரூட்டஸ், காசியஸ் ரெண்டு பேரும் பாம்பி பக்கம் நின்னவங்க. அவங்களை மன்னிச்சுப் பதவியும் கொடுத்தார், கடைசியில அவங்க கத்தியிலயே செத்தார், 23 குத்து. கேம்ல முதல் குத்தைப் பயேக் பொண்டாட்டி அயா குத்தறா. நிஜத்துல காஸ்கா. அந்தப் பேரைக்கூட விட்டுவைக்கலை. எதிரியை மன்னிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு அழத் தெரியாதா? அழுதார். நூறு தடவை கேட்டாலும் இதேதான் சொல்வேன்.

பழைய வாத்தியார்:
காஸ்கா அல்ல, புப்லியஸ் செர்விலியஸ் காஸ்கா என்று முழுப்பெயரோடு எழுதவும்.

பயேக்ரசிகை:
மன்னிச்சதும் அரசியல், அழுததும் அரசியல். டியோவைப் படிங்க.

ரூபிகான்:
புளூட்டார்க்கைப் படிங்க. 'பாம்பி வாழ்க்கை', கடைசி அத்தியாயம்.

வாள்வீச்சு:
வாத்தியாரே, டோட்டல் வார் இழையை மூட வச்சது நீங்கதான். நான் எழுதினது எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன், இன்னைக்கு ராத்திரி போடறேன்.