கேம் டிசைனுக்குக் கணக்கு வேண்டாமாம்!

பெருந்துறை அப்பா:
நேற்று காங்கேயத்தில் ஒரு சீர் வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர், எனக்குப் பங்காளி முறை, என் பெண்ணைப் பார்த்து, "அம்மணி, கணக்கு வரலைன்னா ஐ.டி. எதுக்கு? கேம் டிசைன் எடு, அதுக்குக் கணக்கே வேண்டாம்" என்றார். பிளஸ் டூ கணக்கில் அவள் வாங்கியது 81. வரவில்லை என்று இவரிடம் யார் சொன்னது? அவள் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டாள். கவுன்சலிங்கில் பி.டெக். ஐ.டி. போடுவதா, தனியார் கல்லூரியில் கேம் டிசைன் சேர்ப்பதா என்று 2 வாரமாக வீட்டில் இதே பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த ஆள் சொன்னது சரிதானா?

சிறுவாணித்தண்ணி:
சுத்த உளறலுங்க. 9 வருடமாகக் கேமுக்கு கோடு, அதாவது புரோகிராம், எழுதுகிறேன், தினமும் கணக்கோடுதான் குடித்தனம். கேமில் ஒரு பையன் குதிக்கிறான் என்று வையுங்கள். 3 மீட்டர் உயரம் போக வேண்டும், அரை வினாடியில் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்று டிசைனர் கேட்கிறார். உயரத்தை 2ஆல் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு விசைக்கு வைக்க வேண்டிய எண் கிடைக்கும். 6ஐ 0.25ஆல் வகுத்தால் 24. கிளம்புகிற வேகம், 6ஐ 0.5ஆல் வகுத்தால் 12. நம் பூமியில் அந்த எண் 9.8. அதையே கேமில் வைத்தால் உச்சிக்குப் போகவே முக்கால் வினாடிக்கு மேல் ஆகும், பையன் பலூன் மாதிரி மிதப்பான். இதெல்லாம் பிளஸ் ஒன் இயற்பியல். கணக்கு வேண்டும். முடிந்தது பேச்சு.

மஞ்சள்மண்டி:
வந்துவிட்டார் வாத்தியார். ஏனுங்க, "டிசைனர் கேட்கிறார்" என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். கேட்பவர் டிசைனர், வகுப்பவர் நீங்கள். அப்புறம் கணக்கு யாருக்கு வேண்டும்? ஷிகேரு மியாமோட்டோ ஜப்பானில் படித்தது தொழில்துறை வடிவமைப்பு. 1977இல் நின்டெண்டோ என்கிற கேம் கம்பெனியில் சேர்ந்தார். 1981இல் டாங்கி காங், 1985இல் சூப்பர் மாரியோ என்று கேம்களை வடிவமைத்தார். கோடு எழுதியது வேறு ஆட்கள். என் பையன் யுனிட்டி என்கிற கேம் செய்யும் மென்பொருளில் நீங்கள் சொல்லும் அதே எண்ணை 20, 24, 30 என்று மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கிறான், கைக்கு எது படிகிறதோ அதை வைத்துவிடுகிறான். இதில் வகுத்தல் எங்கே வந்தது?

சிறுவாணித்தண்ணி:
மியாமோட்டோவைக் காட்டிப் பிள்ளையைச் சேர்ப்பது, தோனி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார் என்று பிள்ளையை ரயில்வேக்கு அனுப்புவது மாதிரி. உங்கள் பையன் 20, 24, 30 என்று போடுவதும் கணக்குதான், தடவிப் பார்க்கிற கணக்கு.

மற்றவர்களுக்கு ஒரு தகவல்: போன வருடம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் 2 வருடத்தில் குப்பைக்குப் போகும் என்று இங்கே சத்தியம் செய்தவர் இவர்தான். இப்போது அதில்தான் மண்டிக்குப் போகிறாராம்.

மஞ்சள்மண்டி:
அது என் மைத்துனர் வண்டி.

பழைய நூலகர்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளலாமா? ஐ.டி.யிலேயே பெயர்க் குழப்பம் உண்டு. கர்நாடகக் கல்லூரிகளில் இன்பர்மேஷன் சயின்ஸ் என்றே ஒரு பொறியியல் பிரிவு உண்டு. நம் கவுன்சலிங் பட்டியலில் பி.டெக். ஐ.டி. என்றுதான் பார்ப்பீர்கள், ஆனால் கிண்டியில் அதை நடத்தும் துறையின் பெயரில் இன்பர்மேஷன் சயின்ஸ் இருக்கிறது. இன்னொரு பக்கம் அதே பெயரில் நூலக அறிவியலும் வரும். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, தகவலை எப்படி வகை பிரிப்பது என்று உலகத்துக்கே சொன்னவர். கேம் டிசைன், கேம் புரோகிராமிங், கேம் ஆர்ட் மூன்றும் கூட வேறு வேறு. எதற்கு எது வேண்டும் என்று பிரித்துப் பேசினால்

சிறுவாணித்தண்ணி:
நூலகர் ஐயா, ரங்கநாதன் நூலகர் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தார்? கணக்கு வாத்தியார்! மண்டிக்காரரே, கண்ணாடி போட்டுப் படியுங்கள். கணக்கு வாத்தியார்.

மஞ்சள்மண்டி:
ரங்கநாதன் கேம் டிசைன் பண்ணினாரா?

பனியன்கம்பெனி:
திருப்பூரிலிருந்து ஒரு சந்தேகம். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் பத்தாவது பெயில். துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொன்னால், ஒரு டஜன் டி சர்ட்டுக்கு எத்தனை கிலோ போகும் என்று பீடி அணைவதற்குள் சொல்லிவிடுவார். அவருக்குக் கணக்குத் தெரியும் என்று எழுதுவதா, தெரியாது என்று எழுதுவதா?

சிறுவாணித்தண்ணி:
தெரியும்.

மஞ்சள்மண்டி:
படிக்கவில்லை.

ஒண்டிப்புதூர்க்காரி:
நான் கேம் டிசைன் படித்தவள். கல்லூரி பெயர் வேண்டாம். விளம்பரத்தில் விஆர் கண்ணாடி மாட்டிய பெண் படம் போட்டிருந்தார்கள், 3 வருடத்தில் அந்தக் கண்ணாடியை நான் தொட்டது ஒரே ஒருமுறை, அதுவும் ஆய்வுக்குழு வந்த அன்று. லேபில் பாதி கணினியில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. லைட்டிங் வேலையை ரெண்டருக்கு, அதாவது கணினி படமாக்கித் தருவதற்கு, போட்டுவிட்டு கேன்டீன் போய் டீயும் பப்ஸும் முடித்து வந்தாலும் 12 சதவீதத்தில் நிற்கும். முதல் செமஸ்டர் முழுக்கப் போட்டோஷாப். சி ஷார்ப் என்கிற புரோகிராம் மொழி நானாக யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அண்ணா, உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் லேபைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசி வருடப் பிள்ளைகள் செய்த கேமை வாங்கி 10 நிமிடம் ஆடிப் பாருங்கள். கணக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம்.

சிறுவாணித்தண்ணி:
அப்புறம் இல்லை, அதுதான் முதல். லைட்டிங் என்றீர்களே, ஒரு சுவரில் வெளிச்சம் எவ்வளவு விழும் என்பதை எது சொல்கிறது? கொசைன். திரிகோணமிதி. கணக்கு.

ஒண்டிப்புதூர்க்காரி:
நான் கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றேன்.

மஞ்சள்மண்டி:
ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்கிற டிசைன் பட்டப்படிப்பில் சேர யூசீட் என்று ஒரு நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம், வணிகவியல் பிள்ளையும் எழுதலாம். படம் வரைய ஒரு பகுதி உண்டு. டிசைனுக்குக் கணக்கு கட்டாயம் என்பது ஐ.ஐ.டி.க்குத் தெரியவில்லை, சிறுவாணிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

சிறுவாணித்தண்ணி:
அதே தாளில் ஒரு கனசதுரத்தைத் திருப்பினால் எந்த முகம் மேலே வரும் என்கிற மாதிரியும் கேட்பார்கள். அது என்ன, கோலம் போடுவதா?

ஒண்டிப்புதூர்க்காரி:
கோலத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? 15 புள்ளி, இடைப்புள்ளி, 8இல் நிறுத்தி ஒரு சிக்குக் கோலம் போட்டுக் காட்டுங்கள், 9 வருட அனுபவம் எவ்வளவு என்று பார்ப்போம்.

சிறுவாணித்தண்ணி:
அதுவும் கணக்குதான் என்றுதானே நானும் சொல்கிறேன்! சரி, எல்லோருக்கும் தெரிந்ததையே எடுப்போம். தாயம். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறும் முகம். சேர்த்தால் 16 விதமாக விழும். 1 என்று வருவது இரண்டே விதம், ஆக 8இல் 1 வாய்ப்பு. 12 விழ இரண்டும் வெறுமையாக வர வேண்டும், 16இல் 1. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்று வைத்தவன் இதை அளந்துதான் வைத்திருக்கிறான். சுலபமாக விழுந்தால் ரோசம் வராது, விழவே இல்லையென்றால் ஆள் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவான். இதுதான் கேம் டிசைன். இதுதான் கணக்கு.

மஞ்சள்மண்டி:
எங்கள் அம்மிச்சி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, தாயத்தில் அப்புச்சியை ஒரு நாளும் ஜெயிக்க விட்டதும் இல்லை. கோபியில் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவார். அவர் 16 விதம் எழுதிப் பார்த்தாரா? அப்புறம், கட்டையில் ஆடுவதெல்லாம் டவுன்காரர் வழக்கம். நாங்கள் சோழி. 6 சோழி. உங்கள் 8இல் 1 அங்கே செல்லாது.

சிறுவாணித்தண்ணி:
6 சோழி என்றால் 64 விதம், ஒன்று மட்டும் நிமிர்வது 6 விதம். சோழி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும் என்றால் சுமார் 11இல் 1. செல்கிறதா?

பனியன்கம்பெனி:
சோழி ஒரே மாதிரி விழாதுங்க. முதுகு கனம்.

மஞ்சள்மண்டி:
அப்படிப் போடுங்க.

சிறுவாணித்தண்ணி:
கனத்தை அளந்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கணக்குதான். ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று வேண்டுதலா? சிறுவாணித் தண்ணி குடித்தால் தெளிவு வரும்.

மஞ்சள்மண்டி:
காலிங்கராயன் வாய்க்கால் எண்ணூறு வருடத்துக்குப் பக்கம் ஓடுகிறது. வாட்டம் பார்த்து வெட்டியவன் எந்தக் காலேஜில் கணக்கு படித்தான்? உங்கள் சிறுவாணி கேரளாக்காரன் திறந்துவிட்டால்தான் உங்களுக்கு.

சிறுவாணித்தண்ணி:
தண்ணியைப் பற்றி ஈரோட்டுக்காரர் பேசுகிறார்! சாயக்கழிவு வாசனையில் உட்கார்ந்து

பனியன்கம்பெனி:
சாயக்கழிவு என்றால் எங்கள் பக்கம் திரும்புமே, நிறுத்துங்கள் சாமி. என் மாமனார் கதை கேளுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்து 2025 ஆகஸ்டில் சட்டம் வந்ததிலிருந்து, கேம் டிசைன் என்றாலே ரம்மி என்று நினைக்கிறார். பேரன் ஜெயிலுக்குப் போவான் என்று பயம்.

பழைய நூலகர்:
நான் கேட்ட வரையறைக்கு இன்னும் யாரும்

பெருந்துறை அப்பா:
ஐயா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. கட் ஆப் 200க்கு 162 வருகிறது. நாளை மாலையோடு சாய்ஸ் பில்லிங் முடிகிறது. ஐ.டி.யா, கேமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பங்காளி இன்றைக்கும் போன் பண்ணி, "என்னாச்சு" என்கிறார்.

சிறுவாணித்தண்ணி:
அந்த 200இல் 100 கணக்கு, இயற்பியலும் வேதியியலும் தலைக்கு 50. எங்கே போனாலும் கணக்குதான் என்று பங்காளியிடம் சொல்லுங்கள். மண்டிக்காரரே, சோழிக்குப் பதில் வரவில்லை.

ஒண்டிப்புதூர்க்காரி:
அண்ணா, லேபைப் பார்த்தீர்களா?

மஞ்சள்மண்டி:
மியாமோட்டோவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.