மல்டி எஃபெக்ட்ஸா, தனித்தனிப் பெடலா? ஆம்ப் இல்லாத மேடைக்கு எது சரி?

நெல்லை_ஸ்ட்ராட்:

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன், மற்ற நாட்களில் கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன் என்று ஒரு மெல்லிசைக் குழுவோடும் போகிறேன். கிட்டார் ஸ்க்வையர் ஸ்ட்ராட். வீட்டில் ஒரு சின்னப் பிராக்டிஸ் ஆம்ப் உண்டு. மேடையில் ஆம்ப் கிடையாது, டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குத்தான் போகிறது.

கையில் இருப்பது ஒலியை லேசாக உடைத்துத் தருகிற ஒரு ஓவர்டிரைவ் பெடல் மட்டும். வீட்டு ஆம்பில் அருமையாக இருக்கிறது, அதையே சர்ச்சில் மிதித்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்கிறது. எவ்வளவு டோனைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகவில்லை.

குழுவில் எனக்கு வேண்டிய சத்தங்கள் நிறைய. 80களின் பாட்டுக்கு கோரஸ் (ஒரு கிட்டார் பலவாக விரிகிற எஃபெக்ட்) போட்ட கிளீன், சில பாட்டுக்கு வா (காலால் அசைத்து ‘வா வா’ என்று ஒலிக்க வைக்கிற எஃபெக்ட்), புதுப் பாட்டுகளுக்கு நல்ல கனமான டிஸ்டார்ஷன், சர்ச்சுக்கு டிலேயும் (தனித்தனி எதிரொலி) ரிவெர்பும் (பெரிய கூடத்தின் முழக்கம்). பட்ஜெட் 20 ஆயிரம், இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். எல்லா எஃபெக்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கிவிடலாமா, இல்லை ஒவ்வொரு பெடலாகச் சேர்க்கலாமா? மல்டியின் சத்தம் செயற்கையாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள், அதுதான் தயக்கம்.

கச்சேரி_கிட்டார்:

தம்பி, உங்கள் பெடலில் ஒரு கோளாறும் இல்லை. நடுவில் கிட்டார் ஸ்பீக்கர் இல்லை, அதுதான் விஷயம். ஆம்பில் இருக்கிற 10 அங்குல, 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாமே சிக்னலின் உச்சியை வெட்டித்தான் சத்தத்தை உண்டாக்குகின்றன. வெட்டும்போது மேல் ஹார்மானிக்ஸ் ஏகத்துக்கும் பிறக்கும். ஆம்பில் வாசிக்கும்போது அந்த மேல் சத்தத்தை ஸ்பீக்கர் விழுங்கிவிடுகிறது. சர்ச்சில் இருக்கிற ஸ்பீக்கர் பாடுகிறவர் குரலின் காற்று வரைக்கும் கேட்கும்படி செய்தது, மேலே இருக்கிறதை எல்லாம் அப்படியே வெளியே தள்ளும். டோன் குமிழை முழுக்கத் திருப்பினாலும் அந்த இறக்கம் வராது.

அதனால் மல்டியா பெடலா என்பது இரண்டாவது கேள்விதான். ஸ்பீக்கரின் வேலையை எந்தக் கருவி செய்யப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். மல்டி எஃபெக்ட்ஸில் ஆம்பைப் போல ஒலிக்க வைக்கிற ஆம்ப் மாடலும், ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்கிற கேபினெட் சிமுலேஷனும் (சுருக்கமாகக் கேப்) உள்ளேயே இருக்கின்றன. உங்களை மாதிரி மிக்ஸருக்கு நேராகப் போகிறவருக்கு அந்த ஒரு காரணமே போதும் என்பேன். செயற்கையாக இருக்கும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் 90களின் ஜூம் 505 காலத்து டிஸ்டார்ஷனை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். மீதிப் பேர் கேப் சிமுலேஷனை ஆனில் வைத்துக்கொண்டு ஆம்பின் முன்பக்க இன்புட்டில் சொருகி, ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டவர்கள். அப்படிக் கேட்டால் எந்தக் கருவியும் போர்வைக்குள் இருந்து வாசிப்பதாகத்தான் தோன்றும்.

குழுவில் வாசிக்க வா ரொம்ப முக்கியம், அதனால் கால் பெடல் சேர்ந்தே வருவதாகப் பாருங்கள். பாஸ் (Boss) கம்பெனியின் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர், வலேட்டன் ஜிபி-100 மூன்றிலும் உண்டு. ஜூமில் எக்ஸ் என்ற எழுத்து இல்லாத ஜி1 ஃபோர் வாங்கினால் கால் பெடல் வராது, கடையில் இதைக் கவனியுங்கள். ஜிடி-1, ஜி1எக்ஸ் இரண்டும் நாலு ஏஏ பேட்டரியிலும் ஓடும். ஊர்க் கொடையில் ஜெனரேட்டரில் லைன் ஆடுகிறபோது பேட்டரி இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அங்கே வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, பாட்டுக்கு ஒரு பேட்ச் (சேமித்து வைக்கிற ஒலி அமைப்பு) என்று செய்யாதீர்கள். மேடையில் பாட்டுக் கேட்டுச் சீட்டு வந்தால் பாட்டு வரிசை மாறிவிடும், அப்போது கீழே குனிந்து நம்பர் தேடிக்கொண்டிருக்க முடியாது. கிளீன், கோரஸ் கிளீன், கிரஞ்ச் (லேசாக உடைந்த ஒலி), லீட் (தனி வாசிப்புக்கு) என்று நாலு மட்டும் அடுத்தடுத்து வையுங்கள். வா நாலிலும் இருக்கட்டும்.

பச்சைப்_பெடல்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். டொராண்டோவில் இருக்கிறேன், வால்வ் ஆம்ப் வைத்து வாசிக்கிறவன், அதனால் என் நிலைமை வேறுதான், ஆனாலும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பெடலின் பெரிய பலம் அதன் சத்தம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதன் பலம் குமிழ்தான். மூன்றே மூன்று குமிழ், மெனு கிடையாது, திருப்பினால் உடனே காதில் மாற்றம் கேட்கும். ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 1982-இல் வந்தது. அது 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு அலைவரிசையை முன்னே தள்ளி அடி ஒலியைக் குறைக்கிறது. அதனால்தான் பாஸ் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போதும் லீட் தனியாகக் கேட்கிறது. இதை டிரைவ் குறைவாகவும் லெவல் அதிகமாகவும் வைத்துச் சில வாரம் வாசித்தால் நடு அலைவரிசை என்றால் என்ன என்று காதுக்கே தெரிந்துவிடும். நூறு பேட்ச் மாற்றிப் பார்ப்பதில் இந்தப் பழக்கம் வராது. கிட்டாரின் வால்யூமை 10-இலிருந்து 6-க்கு இறக்கினால் ஓவர்டிரைவ் கிளீனாகிறது, இதை முதலில் பழகுங்கள், பாதிப் பெடலின் வேலையை அதுவே செய்யும்.

அப்புறம் ரிப்பேர். ஒரு பெடல் போனால் அதைத் தாண்டி ஒரு கேபிள் போட்டுக் கச்சேரியை முடித்துவிடலாம். மல்டி போனால் எல்லாம் போச்சு. விற்பனை மதிப்பிலும் வித்தியாசம் உண்டு. பாஸ் கம்பெனி முதல் காம்பாக்ட் பெடல்களை விட்டது 1977-இல், 78-இல் வந்த டிஎஸ்-1 இன்றைக்கும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது, பழையதை விற்றாலும் ஆள் இருக்கிறது. டிஜிட்டல் மல்டிக்கு அடுத்த மாடல் வந்த அன்றே விலை இறங்கிவிடும்.

ஆனால் செலவை மறைக்காமல் சொல்கிறேன், பெடல் விலையோடு கணக்கு முடியாது. பெடல்களை இணைக்கிற பேட்ச் கேபிள், அவற்றை அடுக்குகிற போர்டு, பவர் சப்ளை மூன்றும் சேர்த்தால் இன்னொரு பெடல் காசு. பவரில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஓவர்டிரைவ் பத்து மில்லியாம்பியருக்கும் கீழேதான் இழுக்கும், டிஜிட்டல் டிலே 50, 60 என்று போகும். இரண்டையும் ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டினால் டிஜிட்டல் பெடலின் கீச்சுச் சத்தம் ஓவர்டிரைவுக்குள் ஏறி, அங்கே பெரிதாகி வெளியே வரும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்த சப்ளைதான் இதற்கு வழி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இருக்கிற ஓவர்டிரைவோடு ஒரு டிலே, கடைசியில் ஒரு கேப் சிமுலேட்டர் பெடல், இவ்வளவோடு தொடங்குவேன். சர்ச்சுக்கு அதுவே தாராளம்.

கச்சேரி_கிட்டார்:

சர்ச்சுக்குத் தாராளம், ஒத்துக்கொள்கிறேன். கொடைக்குப் போதாது, நண்பரே. கோரஸ், வா, கனமான டிஸ்டார்ஷன் மூன்றும் தனியாக வேண்டுமே. நல்ல கம்பெனிப் பெடல் மூன்று எடுத்தாலே தம்பியின் 20 ஆயிரம் தாண்டிவிடும், பவர் சப்ளை தனி. பைக்கில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு போகிற பையன், போர்டை எங்கே வைப்பார்? மேடையில் செட் செய்ய நமக்குக் கொடுப்பதும் அஞ்சு நிமிஷம்தான். குமிழைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மல்டியிலும் ஒரே ஒரு பேட்சை எடுத்து, டிரைவ், ஆம்ப், கேப் மூன்றை மட்டும் ஆனில் விட்டு அதே பயிற்சியைச் செய்யலாம்.

மிக்ஸர்_மேசை:

நான் கிட்டார் வாசிப்பதில்லை, சவுண்ட் பார்க்கிறேன். எந்தக் கருவி வாங்கினாலும் எனக்கு வந்து சேர்வது ஒரே ஒரு கேபிள், அந்தக் கேபிளில் என்ன வரவேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் லெவல். மல்டி கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கிளீன் பேட்சை மெதுவாகவும் லீட் பேட்சை இரண்டு மடங்காகவும் வைத்து வருகிறார்கள். லீட் வந்ததும் நான் ஃபேடரை இறக்குவேன், அடுத்த பாட்டில் கிளீன் காணாமல் போகும். எல்லாப் பேட்சையும் ஒரே அளவில் வைத்து, லீட் மட்டும் 3 டெசிபல் கூட இருக்கட்டும். கிளீன் ஒலியில் விரல் பட்டதும் உச்சி குதிக்கும், டிஸ்டார்ஷன் தட்டையாக நிற்கும், அதனால் மீட்டரைப் பார்த்து மட்டும் சமன் செய்யாதீர்கள், காதால் செய்யுங்கள்.

இரண்டாவது, வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு ராத்திரியில் செய்த பேட்ச் மேடைக்கு ஆகாது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியும் உச்சியும் சரியாகக் கேட்பதில்லை, அதனால் பாஸையும் டிரெபிளையும் கூட்டி, நடுவைக் குறைத்து வைத்துவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் அதே பேட்ச் அடியில் குமுறும், உச்சியில் குத்தும், பாட்டில் கிட்டாரே இருக்காது. சர்ச்சில் ஆராதனை முடிந்து கூட்டம் போனபிறகு அரைமணி நேரம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள், அங்கேயே அந்த ஸ்பீக்கரில் பேட்சைச் செய்யுங்கள். ரிவெர்பையும் அப்போதே பாருங்கள். உயரமான கூரை உள்ள பழைய சர்ச்சில் கட்டடமே எதிரொலிக்கும், வீட்டில் இனிமையாக இருந்த ரிவெர்ப் அங்கே சேறாகிவிடும்.

மூன்றாவது, அவுட்புட். மிக்ஸருக்கு ஒரு கேபிள்தான் என்றால் எல்/மோனோ என்று எழுதியிருக்கிற ஓட்டையில் மாட்டுங்கள். ஸ்டீரியோவில் செய்த கோரஸின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினால் பாதி எஃபெக்ட்தான் வரும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தால் டிஐ பாக்ஸில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு கை கிட்டார் கம்பியில், வாய் மைக்கில் இருக்கும்போது ஷாக் அடித்தால் உயிர் போகும்.

நெல்லை_ஸ்ட்ராட்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஸ்பீக்கர் விஷயம் இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொடை சீசன் வருகிறது, அதனால் மல்டி பக்கம்தான் மனம் போகிறது. இரண்டு சந்தேகம் மட்டும். இருக்கிற ஓவர்டிரைவை மல்டியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமா, அல்லது விற்றுவிடலாமா? சர்ச்சில் பாடல் குழு அண்ணன் கேட்கிற அந்தத் தெறிக்கிற டிலேக்கு என்ன அளவு வைப்பது?

பச்சைப்_பெடல்:

விற்காதீர்கள். கிட்டார், ஓவர்டிரைவ், அப்புறம் மல்டியின் இன்புட், இந்த வரிசை. மல்டியில் கிளீனுக்கும் கிரஞ்சுக்கும் நடுவில் நிற்கிற ஒரு ஆம்ப் மாடலும் அதன் கேபும் மட்டும் போட்டு, பெடலை மிதித்துப் பாருங்கள். சர்ச்சில் உங்களைத் தொந்தரவு செய்த அதே பெடல்தான், இப்போது பின்னால் கேப் இருப்பதால் வீட்டில் கேட்ட சத்தம் கிடைக்கும். இப்படிப் பார்த்தால் நம் இரண்டு கட்சியும் ஒரே மேடையில் நிற்கலாம்.

டிலே கணக்கு சுலபம். 60,000-ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தாளத் தட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 120 என்றால் 500. அதில் முக்கால் பங்கு, 375, இதுதான் டாட்டட் எய்த். நீங்கள் எய்த் நோட்டாக, அதாவது ஒரு தட்டுக்கு இரண்டாகச் சீராக வாசித்தால் நடுவில் இருக்கிற இடைவெளியை டிலே நிரப்பிக்கொண்டே போகும், அந்தத் தெறிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஃபீட்பேக் இரண்டு மூன்று எதிரொலி வருகிற அளவு, மிக்ஸ் நேரடி ஒலியைவிடக் கொஞ்சம் குறைவாக. டிரம்மர் வேகம் மாறுகிறவர் என்றால் டேப் டெம்போவை (காலால் தாளம் தட்டி வேகம் கொடுப்பது) ஒரு சுவிட்சில் வைத்துக்கொள்ளுங்கள். டிலேயை எப்போதும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் எதிரொலி எல்லாம் சேர்ந்து நசுங்கும்.

கச்சேரி_கிட்டார்:

கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்ட்ராட்டையே எடுத்துப் போங்கள் தம்பி. அங்கே இருக்கிற ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) கிட்டாரில் கேட்டுவிட்டு வாங்கினால் வீட்டில் வேறு சத்தம் வரும், உங்கள் ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயிலுக்கு இரைச்சலும் அதிகம். ஆம்பில் போட்டுக் காட்டாமல் ஹெட்ஃபோனிலோ சாதாரண பிஏ (மேடை) ஸ்பீக்கரிலோ கேளுங்கள், நீங்கள் வாசிக்கப்போவது அதில்தான். டிலே ஓடும்போது பேட்ச் மாற்றிப் பாருங்கள், எதிரொலியின் வால் அறுந்துபோகிறதா, நடுவில் சத்தம் விட்டுப்போகிறதா என்று கவனியுங்கள். அப்படி விட்டுப்போனால் ஒரே பேட்சுக்குள் எஃபெக்ட்டை மட்டும் ஆன் ஆஃப் செய்கிற முறையில் வாசிக்கலாம், அதில் இடைவெளி வராது. பழையது வாங்கினால் ஒவ்வொரு கால் சுவிட்சையும் பலமுறை மிதித்துப் பாருங்கள், முதலில் தேய்வது அதுதான். அடாப்டர் கூட வந்ததையே வாங்குங்கள், இல்லாவிட்டால் கருவியின் பின்னால் எழுதியிருக்கிற வோல்ட்டும், மில்லியாம்பியரும், நடு முனை நெகட்டிவா என்பதும் பொருந்துகிறதா என்று பார்த்து எடுங்கள். மில்லியாம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது.