புதுப்பிப்பு: நீங்கள் சொன்ன தொடர்களில் இரண்டரை பார்த்தாயிற்று

இழுவை இல்லாத, கதை முழுதாக முடிந்த தொடர்களாகச் சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். அதிகம் பேர் சொன்னவை செர்னோபில், டார்க், தி வயர்.

1986 சோவியத் அணு உலை விபத்தைச் சொல்லும் செர்னோபில் (2019) ஐந்தே எபிசோடு. இரண்டு இரவில் முடித்தேன். விபத்து நடந்த இரவில் கதிர்வீச்சை அளக்கும் கருவி 3.6 ராண்ட்ஜன் காட்டும். பரவாயில்லை என்று அதிகாரிகள் ஆறுதல் கொள்வார்கள். அந்தக் கருவியால் அதற்கு மேல் காட்டவே முடியாது! பேய்ப் படம்கூட என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. ஒன்று மட்டும்: அதில் வரும் பெண் விஞ்ஞானி நிஜ மனிதர் இல்லை, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம்.

காலப் பயணக் கதையான டார்க் (ஜெர்மன் தொடர்) விஷயத்தில், குழம்புவாய் என்று எச்சரித்தவர்களுக்கு ஒரு கும்பிடு. 1953, 1986, 2019 என்று 33 ஆண்டு இடைவெளியில் கதை தாவுகிறது. யார் யாருக்கு அப்பா என்று நோட்டில் வம்சாவளி வரைந்து, அடித்து, மறுபடி வரைந்தேன். ஆங்கில டப்பிங்கில் பார்க்காதீர்கள், உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். ஜெர்மனுக்கு மாறி சப்டைட்டில் போட்ட பிறகுதான் ஒட்டியது. 26 எபிசோடில் கடைசி எட்டு கொஞ்சம் குழப்பம், ஆனால் முடிவு திருப்தி.

அமெரிக்க போலீஸ், போதைப்பொருள் கும்பல் கதையான தி வயர் மூன்றாவது எபிசோடில் நிற்கிறது. நல்ல தொடர்தான், சரி. ஆனால் அலுவலகம் முடிந்து வந்து பார்த்தால் பாதியில் தூங்கிவிடுகிறேன். நான்கு எபிசோடு பொறுத்துக்கொள் என்றீர்களே, இன்னும் ஒன்று பாக்கி. சனிக்கிழமை பகலில் உட்காரப் போகிறேன்.