ஏவுநரா, ஈடுபடுத்துநரா: செயற்கை நுண்ணறிவுச் சட்டத்துக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், கோண்டாவில்

அன்பர்களுக்கு வணக்கம். செயற்கை நுண்ணறிவை ஒழுங்குபடுத்துவது பற்றி ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் நடந்த விவாதங்களை உயர்தர மாணவருக்கு விளக்கும் எமது சிறுநூல் வருகின்ற திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் இன்னும் தடையாக நிற்கிறது. மென்பொருளை உருவாக்கிச் சந்தைக்கு விடுபவரை 'வழங்குநர்' என்று எழுதிவிட்டேன். அதனைப் பெற்றுத் தன் அதிகாரத்தின்கீழ், தன் தொழிலுக்காகப் பயன்படுத்தும் வங்கியையோ வைத்தியசாலையையோ ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 'டிப்ளோயர்' என்கிறது. அதற்குத் தமிழில் எச்சொல்லை இடுவது என்பதே கேள்வி. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணைக்குழு முன்வைத்த வரைவில் அவ்விடத்தில் 'யூசர்', அதாவது பயன்படுத்துபவர், என்றே இருந்தது. 2023 யூனில் பாராளுமன்றம் ஏற்ற திருத்தங்களில் அது மாற்றப்பட்டது. 2024 மார்ச் 13 அன்று 523 பேர் ஆதரித்தும் 46 பேர் எதிர்த்தும் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்திலும் அந்த மாற்றம் நிலைத்தது. உங்கள் கருத்தை ஞாயிறு மாலைக்குள் அறியத் தாருங்கள்.

சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

'பயன்படுத்துநர்' என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். சட்டத்தைப் படிப்பவர் அகராதியைத் தேடி ஓடவேண்டிய நிலை வரக்கூடாது என்பதே எனது முதல் அளவுகோல்.

கணினி விரிவுரையாளர், திருநெல்வேலி

அவ்வாறு எழுதினால் 2021 ஆம் ஆண்டு வரைவுக்கே திரும்பிவிடுவோம். வீட்டிலிருந்து கட்டுரைக்கு உதவி கேட்கும் மாணவியும் பயன்படுத்துகிறாள். கடன் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் வங்கியும் பயன்படுத்துகிறது. தொழில்சாராத சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துபவரைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. வங்கியோ, தான் பயன்படுத்தும் மென்பொருள் முறைமையைச் சட்டம் உயர் ஆபத்துடையதாக வகைப்படுத்தியிருந்தால், அதைக் கண்காணிக்கத் தகுதியுள்ள மனிதரை நியமிக்கவேண்டும். தன் கட்டுப்பாட்டிலுள்ள பதிவுகளை ஆறு மாதமாவது பேணவேண்டும். வேலைத்தலத்தில் பயன்படுத்துவதாயின் ஊழியருக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். இத்தனை கடப்பாட்டையும் சுமப்பவருக்கும் அந்த மாணவிக்கும் ஒரே பெயர் பொருந்தாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நல்லூர்

தம்பி, இதற்கான விடையை நாங்கள் சிறு வகுப்பில் மூன்றாம் வேற்றுமை படித்தபோதே படித்துவிட்டோம். 'ஆல்' உருபு கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும். கருத்தா இருவகை: தச்சனால் ஆகிய கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா; அரசனால் ஆகிய கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. உளியைத் தொடாத அரசனையும் வினைமுதலாகவே எம் இலக்கணம் கொண்டது. ஆகவே மென்பொருளைச் செய்தவர் இயற்றுநர், அதை வேலைக்கு விட்டவர் ஏவுநர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'உங்கள் கடன் விண்ணப்பம் மென்பொருளால் மறுக்கப்பட்டது' என்று ஒரு கடிதம் வருகிறது. அந்த 'ஆல்' கருவிப் பொருளதா, கருத்தாப் பொருளதா? கருவி என்றால் மறுத்தவர் யாரென்று கேட்கலாம். கருத்தா என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். 2017 பெப்ரவரி 16 அன்று அதே ஐரோப்பியப் பாராளுமன்றம், தாமாக முடிவெடுக்கும் இயந்திர மனிதர்களுக்கு 'மின்னணு ஆள்' என்னும் சட்டநிலை வழங்குவதையும் ஆராயுமாறு ஆணைக்குழுவைக் கேட்டது. கருவியைக் கருத்தாவாக்கும் அந்த யோசனை பின்வந்த சட்டத்தில் இடம்பெறவில்லை. அவர்கள் ஏழு ஆண்டு விவாதித்து வந்துசேர்ந்த இடத்தை ஏவுநர் என்ற ஒரு சொல் காட்டிவிடும்.

சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

ஐயா, உங்களிடம் இலக்கணம் கற்றவள் என்ற உரிமையோடு மறுக்கிறேன். இங்கே ஏவல் என்றால் சனங்கள் செய்வினை சூனியத்தை நினைப்பார்கள். அதைவிடப் பெரிய தடையும் ஒன்று உண்டு. ஏவுகணை என்ற சொல்லைச் செய்தித்தாளில் மட்டும் அறிந்த ஊரல்ல இது. ஷெல் விழுந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இந்நூலைப் படிக்கப் போகிறார்கள். இயற்றுநர் என்றாலோ, சட்டம் இயற்றுபவர் என்றே கொள்வார்கள். பாராளுமன்ற விவாதத்தைப் பற்றிய நூலில் அது பெரிய குழப்பமாகும்.

மாறாக, எங்கள் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதும் சொல் ஒன்று இருக்கிறது: மேலதிக பஸ்கள் சேவையில் ஈடுபடுத்தப்பட்டன, பொலிஸார் பாதுகாப்புக் கடமையில் ஈடுபடுத்தப்பட்டனர். 'பயன்படுத்துநர்' என்ற எனது முன்மொழிவைக் கைவிட்டு, 'ஈடுபடுத்துநர்' என்பதை முன்மொழிகிறேன்.

தமிழாசிரியர், நல்லூர்

பிள்ளை, ஏவுகணை பற்றி நீர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆயினும் ஈடுபாடு என்றால் எம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது பக்தி. சொல்லின் அடியைப் பார்த்தால் படு பாடாவதுபோல, இடு முதல் நீண்டு ஈடாகிறது. காணியை ஈடு வைக்கிறோம், இழப்பீடு கேட்கிறோம்; கொடுத்ததற்கு நிகராக இடப்படுவது ஈடு. இவ்வழியே பார்த்தால் பொறுப்பேற்று ஈடு நிற்பவர் என்ற பொருளும் இச்சொல்லுள் ஒளிந்திருக்கலாம். ஆனால் அடியைத் தோண்டினால்தான் அப்பொருள் தெரியும். ஏவுநரிலோ அது மேலேயே தெரிகிறது.

கணினி விரிவுரையாளர், திருநெல்வேலி

எனக்கு ஈடுபடுத்துநர் சம்மதம். வினையாகவும் அதை எழுதலாம்: மென்பொருள் ஈடுபடுத்தப்பட்டது, ஈடுபடுத்தும் முன் அறிவித்தல். ஒரு நிறுவனம் வாங்கிய உயர் ஆபத்து முறைமையில் கணிசமான மாற்றம் செய்தாலோ தன் பெயரைப் பொறித்தாலோ வழங்குநரின் கடப்பாடுகள் அதன்மீது வந்து சேரும் என்று சட்டம் சொல்கிறது. அவ்விடத்தில் 'ஈடுபடுத்துநர் வழங்குநராகக் கருதப்படுவார்' என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடுக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர், கோண்டாவில்

ஞாயிறு இரவு வரை தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து ஈடுபடுத்துநருக்கு ஐவர், ஏவுநருக்கு இருவர். தமிழிலேயே 'டிப்ளோயர்' என்று எழுதிவிடலாம் என்றார் ஒருவர். நூலில் ஈடுபடுத்துநர் என்றே போகிறது. ஐயா சொன்ன அந்த 'ஆல்' உருபை, அவரது அனுமதியோடு, இரண்டாம் இயலில் பயிற்சி வினாவாகச் சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர், நல்லூர்

அனுமதி தந்தேன். எனது எதிர்ப்பைப் பதிவில் வைத்திருங்கள். மெய்ப்புப் படியில் பதினான்கு இடத்தில் 'ஈடுபடுத்துனர்' என்று வந்திருக்கிறது. அனுப்புநர், பெறுநர் போல இங்கும் விகுதி 'நர்' என்பதால், அச்சுக்குப் போகுமுன் அவற்றைத் திருத்திவிடுங்கள்.