ஓராண்டு வாட்டர்கலர் படங்கள்: புள்ளி, சேறு, வெளுப்பு ஏன்?

கேள்வி (புதுச்சேரி):
வணக்கம். ஓராண்டில் வரைந்த படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்ததில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வரைந்தவற்றில் வானமெங்கும் கரும்புள்ளிகள். சித்திரையில் வாங்கிய அதே கட்டு, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள்தான். அடுத்தது, துய்மா வீதி மஞ்சள் சுவர்களின் நிழல் பச்சையடித்துச் சேறாகிறது. மஞ்சளோடு பெய்ன்ஸ் கிரே என்ற கருஞ்சாம்பல் வண்ணத்தைக் கலக்கிறேன். மூன்றாவது, சுவரில் மாட்டிய படத்தில் காகிதப்பூவின் ரோஸ் பாதி போய்விட்டது.

பதில் 1 (கடலூர்):
புள்ளிக்குக் காரணம் உங்கள் கை இல்லை, தாள். நல்ல தாள் பலவற்றில் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். வண்ணத்தை மேலேயே நிறுத்துவது அதுதான். கடற்கரை ஈரத்தில் பூஞ்சை அந்தப் பசையைத் தின்றுவிடும். பசை போன இடத்தில் வண்ணம் மையொற்றுத் தாளில் போல உள்ளே இறங்கிப் புள்ளியாகும். வரையும் முன் தாளின் ஓரத்தில் வெறும் நீர் தடவிப் பாருங்கள். சீராக மினுமினுத்தால் நல்லது. திட்டுத்திட்டாகக் கறுத்தால் அந்தத் தாளில் வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) வேண்டாம், பேஸ்டலுக்கோ பென்சிலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மீதித் தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள். மழைக்காலத்தில் முழுக்கட்டு வாங்காமல் ஐந்தாறு தாளாக வாங்குவதே மேல்.

பதில் 2 (புதுச்சேரி):
பெய்ன்ஸ் கிரேயில் பெரும்பாலும் கருப்பும் நீலமும் இருக்கும். மஞ்சளோடு கருப்பு சேர்ந்தாலே ஆலிவ் பச்சைதான். நிழலைக் கலக்காதீர்கள், மேலே போர்த்துங்கள். முதலில் சுவர் முழுக்க, நிழல் விழும் இடமும் சேர்த்து, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளில் ஒரே வாஷ். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் காயவில்லை. நன்றாகக் காய்ந்தபின் அல்ட்ராமரின் நீலம் இரண்டு பங்கு, குவினாக்ரிடோன் ரோஸ் ஒரு பங்கு, நீர்த்த ஊதா. தட்டைத் தூரிகையில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. திரும்பத் தேய்த்தால் ஓக்கர் கிளம்பிவிடும், சேறு அங்கேதான் பிறக்கிறது. ஈரமாக இருக்கும்போதே சுவரடியில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு விடுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கே நிழலைச் சூடாக்கும்.

இன்னொன்று: அந்த வீதி கடலுக்கு இணையாக ஓடுவதால் காலையில் நிழல் வேகமாகச் சுருங்கும். உட்கார்ந்ததும் நிழலோரத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ரோஸ் ட்யூபில் ‘ஓபரா’ என்றிருக்கிறது. அதுதான் பிரச்சினையா?

பதில் 1:
அதேதான். அதிலுள்ள ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. பழைய அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும், ட்யூபில் பிஆர் 83 என்று நிறமிக் குறியீடு இருக்கும், அப்படியே. பிவி 19 என்று போட்ட ரோஸ் வாங்குங்கள். பளிச்சென்ற தன்மை சற்றுக் குறையும், ஆனால் நிலைக்கும். புது ட்யூப் எதுவானாலும் ஒரு பட்டை தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிகிற வண்ணத்தை விற்கும் படங்களில் தொடாதீர்கள்.