எஃப்ஜிஎஃப்-2 சிக்கல்: புதுப்பிப்பு

மனித ஸ்டெம் செல் வளர்ப்பில் செல் கூட்டங்களின் விளிம்புகள் தானாகவே வேறுபடத் (வேறு வகைச் செல்களாக மாறத்) தொடங்குகின்றன என்றும், அப்படி மாறாமல் தடுக்கச் சேர்க்கும் வளர்ச்சிக் காரணிப் புரதமான எஃப்ஜிஎஃப்-2-இன் புதிதாக வந்த குப்பியே பழுதாக இருக்கலாம் என்றும் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். பழி புரதத்தின் மீதல்ல, என் கைப்பழக்கத்தின் மீதுதான் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கப்படும் இந்த மறுசேர்க்கைப் புரதம் (மரபணுவைப் புகுத்தி உருவாக்கப்படுவது) சுமார் 17 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ளது. தூளாக உறைகுளிரில் இருக்கும்வரை நிலையானது, கரைந்தபின் நொய்மையானது. நான் அதை வெறும் பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) கரைசலில் மிகவும் நீர்க்கக் கரைத்து, ஒரே குழாயை வாரம் இருமுறை உருக்கி உறையவைத்து வந்தேன். அவ்வளவு குறைந்த செறிவில், துணைப் புரதம் எதுவும் இல்லாதபோது, கணிசமான பகுதி பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது; மிஞ்சியதை உறைவும் உருகலும் சிதைக்கின்றன.

அதே தொகுதியின் மற்றொரு குப்பியை, திறக்கும் முன் சுழற்றித் தூளை அடியில் சேர்த்து, 0.1 சதவீத ஆல்புமின் (துணைப் புரதம்) கலந்த கரைசலில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் செறிவில் கரைத்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் அளவுகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தேன். மூன்று பாசேஜ்களாக (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்றுகளாக) விளிம்புகள் சீராக உள்ளன.

37 டிகிரியில் இப்புரதம் ஒரு நாளுக்குள்ளேயே செயல்திறனின் பெரும்பகுதியை இழப்பதால், செல்கள் வளரும் ஊடகத்தைத் தினமும் மாற்றுவதை (ஞாயிற்றுக்கிழமையும்தான்) நிறுத்தவில்லை. ஹெப்பாரின் (இப்புரதத்துடன் பிணையும் ஒரு சர்க்கரைச் சங்கிலி) சேர்த்தால் நிலைத்தன்மை கூடும். அதை அடுத்து முயலவிருக்கிறேன்.